பூனைக்குத் தட்டு வாங்க பாத்திரக்கடைக்குப் போங்கள்

கேள்வி: டாக்டர், வணக்கம். நாங்கள் திருவான்மியூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். வீட்டில் இரண்டு பூனைகள். பெரியவள் பெர்ஷியன், நான்கு வயது. சின்னவன் மழைக்கு ஒதுங்கி வந்து அப்படியே தங்கிவிட்ட நாட்டுப்பூனை, ஒன்றரை வயது. இவர்களுக்குக் கிண்ணம் வாங்கியே அலுத்துவிட்டது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் என்ன தேய்த்தும் மீன் வாடை போகவில்லை. விளிம்பைச் சின்னவன் கடித்துத் துப்பிவிட்டான். பீங்கானைத் தள்ளி உடைத்தான். அடியில் ரப்பர் வைத்த ஸ்டீல் கிண்ணம் பெட் ஷாப்பில் வாங்கினேன். நாலே மாதத்தில் துரு. இப்போது சின்னவனின் மோவாயில் கருப்புக் கருப்பாகப் புள்ளிகள். எறும்புத் தொல்லை தனி. "பூனைக்கு எதுக்கும்மா தட்டு, கொட்டாங்குச்சி போதாதா?" என்கிறார் மாமியார். வருடக்கணக்கில் உழைக்கிற மாதிரி எதை வாங்குவது?

பதில்: முதலில் கடைக்குப் போக ஒரு சீட்டு எழுதித் தருகிறேன், காரணங்களைப் பிறகு சொல்கிறேன். சாப்பாட்டுக்குக் கனமான எவர்சில்வர் தட்டு நான்கு. தண்ணீருக்கு உள்பக்கம் வெள்ளையான, கனமான பீங்கான் கிண்ணம் இரண்டு. தாம்பாளம் இரண்டு. ஒரு கட்டு தேங்காய் நார். பெட் ஷாப் பக்கம் போக வேண்டாம், தெருமுனைப் பாத்திரக்கடை போதும்.

பூனைத் தட்டு உழைக்கிறதா என்பதை உடைந்ததா, நெளிந்ததா என்று பார்த்து நாம் முடிவு செய்கிறோம். நான் பார்ப்பது அதன் மேற்பரப்பை. நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். கீறல் தட்டுப்பட்டால், அதில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும், பிசுக்கில் கிருமி தங்கும். அந்தத் தட்டு முழுசாக இருந்தாலும் அதன் காலம் முடிந்தது. உங்கள் பிளாஸ்டிக் கிண்ணம் இரண்டே மாதத்தில் இந்த நிலைக்கு வந்திருக்கும். பூனையின் நாக்கே அரம் போலச் சொரசொரப்பானது. அதோடு பல், நகம், நம் கம்பி நார் எல்லாம் சேர்ந்தால் மெத்தென்ற பிளாஸ்டிக் எத்தனை நாள் தாங்கும்? மீனின் கொழுப்பு பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிடும். கழுவிய பிறகும் வாடை வருவது அதனால்தான். நம் மூக்குக்கே எட்டுகிற வாடை பூனைக்கு எப்படியிருக்கும்? சில பூனைகள் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவதற்குச் சாப்பாடு காரணமில்லை, கிண்ணம்தான் காரணம். சின்னவன் வேறு கடிக்கிற சுபாவக்காரன். கடித்த துண்டு குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சை வரை போகும். மெலமின் தட்டும் எனக்கு இதே கணக்குதான்.

இனி அந்தத் துருப்பிடித்த ஸ்டீல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஸ்டீலும் துருப்பிடிக்கும், எதை வாங்கினாலும் ஒன்றுதான்" என்று பலர் மறுபடி பிளாஸ்டிக்குக்கே போய்விடுகிறார்கள்.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்கு அதில் கலந்திருக்கும் குரோமியம் காரணம். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அது தட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டால் படலம் தானே மறுபடி வளர்ந்துகொள்ளும். இந்தப் படலத்துக்குப் பகை உப்பு. கடலோரத்தில் இருக்கிறீர்கள். பாத்திரம் கழுவுவது போர் தண்ணீர் என்றால் அதில் உப்பு தாராளமாக இருக்கும். கழுவிய கிண்ணத்தின் அடி ரப்பருக்குள் கொஞ்சம் உப்புத்தண்ணீர் புகுந்து நிற்கும், அந்த இடுக்கில் காற்று நுழையாது. படலம் அரித்துப்போகும், மறுபடி வளராது. ரப்பரைக் கழற்றிப் பாருங்கள், துரு அங்கேதான் முதலில் தொடங்கியிருக்கும். வழுக்காமல் இருக்கட்டும் என்று போட்ட ரப்பரே கிண்ணத்தைத் தின்றுவிட்டது. பெட் ஷாப்பில் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இந்த ரப்பர்தான். கழற்ற முடிகிற ரப்பராக இருந்து, தினமும் கழற்றிக் கழுவிக் காயவைக்கிற பொறுமையும் இருந்தால் சரி. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

இன்னொரு காரணம் உலோகத்தின் தரம். நல்ல சமையல் பாத்திரத்துக்குப் போடுவது 304 என்ற வகை. அதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். பெட்டியில் 18/8 என்று போட்டிருப்பார்கள். நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்துச் செய்வது 201, 202 வகைகள். பார்க்க ஒரே பளபளப்பு. உப்புத்தண்ணீர் பட்டால்தான் வித்தியாசம் தெரியும். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்க, ஒரிஜினல்" என்பார். நம்பிவிட வேண்டாம். 202லும் காந்தம் ஒட்டாது. காந்தம் பளிச்சென்று ஒட்டினால் அது நிக்கல் இல்லாத 430 வகையாக இருக்கலாம் என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான் அந்தச் சோதனையின் பயன். 304 பாத்திரத்திலும்கூட மடித்த விளிம்பில் லேசாகக் காந்தம் இழுக்கும். அதை வைத்து நல்ல தட்டை வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எண் அச்சடித்த பாத்திரமாக, தெரிந்த கடையில், பில்லோடு வாங்குவதுதான் வழி.

கடையில் "அல்வா தட்டு" என்று கேளுங்கள். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக, ஓரம் ஒரு விரல் அளவு உயர்ந்து இருக்கும். 13 முதல் 15 சென்டிமீட்டர் அகலம் பூனைக்குப் போதும். கல்யாணத் தாம்பூலத்துக்குக் கொடுக்கிற மெல்லிய தட்டை எடுத்துக் காட்டுவார்கள், அது வேண்டாம். கேஜ் கேளுங்கள். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். 22 கேஜ் என்றால் முக்கால் மில்லிமீட்டர் அளவு வரும், அது போதும். எடை போட்டு விற்கிற கடை என்றால் கையில் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். விளிம்பைத் தடவிப் பாருங்கள். சுருட்டிய விளிம்பு முழுசாக மூடியிருக்க வேண்டும். பாதி மூடியிருந்தால் ரப்பர் கதைதான், உள்ளே தண்ணீர் புகுந்து பழுப்பு நிறத்தில் ஒழுகும். உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக, பூ வேலைப்பாடு, கோடு எதுவும் இல்லாமல் இருக்கட்டும். பேர் வெட்டித் தரட்டுமா என்று கேட்பார்கள். ஆசையாக இருந்தால் அடிப்பக்கம் வெட்டச் சொல்லுங்கள்.

வாங்கிய தட்டு எத்தனை வருடம் வரும் என்பது வீட்டில் எதைப் போட்டுத் தேய்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கம்பி நாரும் பாத்திரம் தேய்க்கும் தூளும் வழவழப்பை ஒரே மாதத்தில் கெடுத்துவிடும். கம்பி நாரின் நுண்ணிய இரும்புத் துகள் தட்டில் ஒட்டிக்கொண்டு துருப்பிடிப்பதும் உண்டு. தட்டே துருப்பிடித்துவிட்டது என்று பலர் தூக்கிப் போடுவது பல நேரம் இந்தத் துகளின் கறையைப் பார்த்துத்தான். தேங்காய் நார், சோப்பு, சூடான தண்ணீர், இவை போதும். வீட்டுப் பாத்திரம் தேய்க்கிற அதே பஞ்சைப் பூனைத் தட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். பொதுச் சுகாதாரத் தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் என்.எஸ்.எஃப் அமைப்பு 2011ல் 22 வீடுகளில் எங்கே கிருமி அதிகம் என்று பார்த்தபோது, செல்லப்பிராணிகளின் கிண்ணம் நான்காவது இடத்தில் வந்தது. முதல் இடம் பாத்திரம் தேய்க்கும் பஞ்சுக்கு. இரண்டையும் சேர்த்து வைப்பானேன்?

பீங்கானை நீங்கள் கைவிட வேண்டாம். உடைந்தது பீங்கானின் குற்றம் அல்ல, எடை போதவில்லை. சின்னவன் மாதிரித் தள்ளுகிற பையனுக்கு, ஓட்டலில் சாம்பார் ஊற்றி வைப்பார்களே, அந்த மாதிரி அடி அகன்ற தடித்த கிண்ணம் வேண்டும். தண்ணீர் நிரம்பியிருந்தால் இன்னும் கனக்கும். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். விரல் நுனியால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் எங்கோ விரிசல். கவிழ்த்து, மெருகு பூசாத அடி வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். அது உறிஞ்சிக்கொண்டால் குறைந்த சூட்டில் சுட்ட மண் வகை. மேலே மெருகு தேய்ந்த அன்றே கறையும் வாடையும் உள்ளே இறங்கிவிடும். சொட்டு அப்படியே நின்றால் நன்றாகச் சுட்ட பீங்கான். மூன்றாவது, உள்பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். பளீரென்ற சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு மெருகுகளில் ஈயமும் காட்மியமும் சேர்க்கும் வழக்கம் உண்டு. கண்காட்சியில் வாங்கிய அழகுக் கிண்ணம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

பீங்கான் என்றாலே சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ஹார்ட்பரி கல்லூரிக்காரர்கள் 2018ல் நாய்களின் தண்ணீர்க் கிண்ணங்களைச் சோதித்தார்கள். கிருமியின் மொத்த எண்ணிக்கை பிளாஸ்டிக்கில்தான் அதிகம். ஆனால் நோய் தரக்கூடிய வகைகள் பீங்கானில் அதிகம் கிடைத்தன. சின்ன ஆய்வுதான், அதுவும் நாய்க் கிண்ணத்தில். இருந்தாலும் மெருகில் மயிரிழை வெடிப்பு விழுந்த கிண்ணத்தை வைத்திருக்கக் கூடாது என்பதற்கு எனக்கு அது போதும். சாப்பாட்டுக்கு ஸ்டீலையும் தண்ணீருக்குப் பீங்கானையும் பிரித்துச் சொன்னதற்குக் காரணம் வேறு. நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கிற வேலையைப் பீங்கான் துருவில்லாமல் தாங்கும்; தேய்ப்பும் உரசலும் அதிகமான சாப்பாட்டு வேலையை ஸ்டீல் தாங்கும்.

மாமியார் சொல்வதை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். கொட்டாங்குச்சியில் வைத்துவிட்டு அடுத்த வேளைக்கு அதைத் தூக்கிப் போட்டு வேறு எடுத்தால், அதைவிடச் சுத்தமான தட்டு கிடையாது. அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள், வீட்டில் தினமும் தேங்காய் உடைத்தார்கள். அதையே கழுவிக் கழுவிப் பத்து நாள் வைத்தால் நாரிலும் கண்ணிலும் பூஞ்சை பிடிக்கும். அதோடு அது உருளும். பெர்ஷியனின் தட்டை முகத்துக்கு அந்தக் குழி ஆகவே ஆகாது. மண் சட்டியும் ஏறக்குறைய இப்படித்தான்: கோடையில் தண்ணீர் வைக்க நல்லது, தேய்த்து வெயிலில் காயவைக்க வேண்டும். மீன் வைக்கக் கூடாது.

பரணில் கிடக்கும் பழைய பாத்திரங்கள் வேண்டாம். பித்தளையும் செம்பும் தயிர் மாதிரிப் புளிப்புப் பட்டால் கரையும். வெள்ளீயம் பூசியதில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. எனாமல் தட்டில் ஒரு சில்லு பெயர்ந்தால் அங்கே இரும்பு துருப்பிடிக்கும். துத்தநாகம் பூசிய தகர டப்பாவிலும் தண்ணீர் வைக்காதீர்கள், துத்தநாகம் கரைந்து இறங்கும்.

பெரியவளின் முக அமைப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெர்ஷியன் தன் குட்டை மூக்கை வைத்துக்கொண்டு ஆழமான கிண்ணத்தில் இருந்து எடுக்கும்போது மூக்கின் மேலெல்லாம் ஈரம் படும், கண்ணோர மடிப்பில் சாப்பாடு ஒட்டும், பாதி தரையில் கிடக்கும். தட்டையான தட்டில் வைத்தால் இது பெருமளவு தீர்ந்துவிடும். இன்னும் சிரமப்பட்டால் நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மணையைப் போட்டு அதன் மேல் வையுங்கள். மீசை உரசினால் பூனைக்கு வேதனை, அதற்கென்று தனித் தட்டு இருக்கிறது என்று இணையத்தில் ஆயிரக்கணக்கில் ரூபாய் கேட்கிறார்கள். 2021ல் இதைச் சோதித்த ஓர் ஆய்வில், அந்தத் தட்டிலும் வழக்கமான கிண்ணத்திலும் பூனைகள் சாப்பிட்ட அளவிலோ நேரத்திலோ பெரிய வித்தியாசம் இல்லை. பல பூனைகள் அகலமான தட்டை விரும்பின, அவ்வளவுதான். உங்கள் அல்வா தட்டே அந்த விருப்பத்துக்குப் போதும்.

ரப்பர் இல்லாத தட்டு டைல்ஸ் தரையில் வழுக்கும், கிணுகிணுவென்று சத்தமும் போடும். சத்தத்துக்குப் பயந்து சாப்பிடாமல் போகிற பூனையும் உண்டு. தட்டின் அடியில் சிலிகான் விரிப்பு ஒன்று போடுங்கள். ஈரத்துணியை நாலாக மடித்துப் போட்டாலும் தட்டு நகராது. இருவருக்கும் தனித்தனி இடத்தில் வையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒருவர் வேகமாக விழுங்குவார், மற்றவர் காத்திருந்து பட்டினி கிடப்பார். தண்ணீர்க் கிண்ணம் சாப்பாட்டிலிருந்தும், பூனை மலஜலம் கழிக்கிற லிட்டர் ட்ரேயிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். பூனைகள் இயல்பிலேயே குறைவாகத் தண்ணீர் குடிப்பவை. மீன் துணுக்கு மிதக்கிற தண்ணீரை இன்னும் குறைவாகக் குடிக்கும்.

எறும்பு விஷயத்துக்கு வருகிறேன். இதில் தவறு நடந்தால் தட்டு போகாது, பூனை போய்விடும். தட்டைச் சுற்றி எறும்புச் சாக்பீஸில் கோடு போடுவது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். தயவுசெய்து வேண்டாம். அதில் இருப்பது பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. இந்த வகை மருந்தை உடைத்து வெளியேற்றும் திறன் மனிதனின் கல்லீரலுக்கும் நாயின் கல்லீரலுக்கும் இருக்கிற அளவு பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. கோட்டை மிதித்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே மருந்து உள்ளே போகும். எச்சில் ஒழுகுவது, காது துடிப்பது, உடம்பு நடுங்குவது, வலிப்பு என்று வரிசையாக வரும். அப்படி எதையாவது பார்த்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள், சாக்பீஸ் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

சீட்டில் தாம்பாளம் எழுதியது இதற்காகத்தான். தாம்பாளத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் சாப்பாட்டுத் தட்டை வையுங்கள். தட்டின் ஓரத்துக்கும் தாம்பாளத்தின் ஓரத்துக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி வேண்டும், சுவரும் தொடக் கூடாது. தண்ணீரில் சோப்புச் சொட்டு விட்டால் எறும்பு மூழ்கும் என்பார்கள். மூழ்கும்தான். ஆனால் பூனை அந்தத் தண்ணீரையும் நக்கிப் பார்க்கும், வெறும் தண்ணீரே போதும். அதைத் தினமும் கொட்டி மாற்றுங்கள். டெங்குக் கொசு இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் கிடைத்தால் பறந்துவிடும். சாப்பாட்டை நாள் முழுக்கத் திறந்து வைக்கிற பழக்கத்தை விட்டாலே எறும்பு பாதியாகக் குறையும். சென்னை வெயிலில் வேகவைத்த மீனோ டின் சாப்பாடோ ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் கிடக்கக் கூடாது. உலர் தீவனமும் ராத்திரி வரை கிடந்தால் அதன் மேல் பூசிய கொழுப்பு காறிப்போகும்.

கழுவுவதில் சில எச்சரிக்கைகள். ஃபினைல், டெட்டால் மாதிரியானவை பூனைத் தட்டின் பக்கமே வரக் கூடாது; பீனால் வகைப் பொருள்களும் பூனைக்கு நஞ்சு. பிளீச்சும் ஸ்டீலுக்கு ஆகாது, அதிலுள்ள குளோரின் உப்பு செய்கிற அதே வேலையைச் செய்யும். எலுமிச்சை வாசனை சோப்பு என்றால் இன்னொரு தடவை அலசுங்கள், அந்த வாசனை பல பூனைகளுக்குப் பிடிக்காது. கடைசி அலசலுக்கு மட்டும் குடிதண்ணீர் ஊற்றிவிட்டு, துணியால் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். உப்புத்தண்ணீர் தட்டிலேயே காய்வது நின்றுவிடும். நான்கு தட்டு வாங்கச் சொன்னது, ஒரு ஜோடி சாப்பாட்டில் இருக்கும்போது மறு ஜோடி நன்றாகக் காயட்டும் என்பதற்காக.

சின்னவனின் மோவாய்ப் புள்ளிகளை முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். நனைத்த வெள்ளைத் துணியில் இரண்டு புள்ளியைத் தேய்த்து எடுங்கள். துணியில் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. மோவாய்க்கு மட்டும் இல்லாமல் உடம்பு முழுக்க மருந்து வேண்டும், அதுவும் பூனைக்கென்று எழுதித் தருகிற மருந்து. நாய்க்கு ஊற்றுகிற தெள்ளு மருந்துகள் சிலவற்றில் மேலே சொன்ன அதே பைரெத்ராய்டு இருக்கும். கரையாமல் மெழுகுத் துகள் மாதிரி வந்தால் அது பூனைகளுக்கு வரும் ஒருவகை முகப்பரு. மயிர்க்கால்களில் எண்ணெய் அடைத்துக்கொள்வதால் வருவது. பிளாஸ்டிக் கிண்ணம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் கிண்ணத்தை மாற்றியதும் குறைகிற பூனைகளை நான் தொடர்ந்து பார்க்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, தினம் இரண்டு தடவை, ஒரு நிமிடம் ஒற்றி எடுங்கள். பிதுக்காதீர்கள். நம் முகப்பரு களிம்பைப் போடவே போடாதீர்கள், அவற்றில் சிலவற்றில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் பூனைக்கு ஆகாது. புதுத் தட்டுக்கு மாறி மூன்று வாரம் பாருங்கள். அதற்குள் மோவாய் வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, வட்டமாக முடி கொட்டினாலோ காத்திருக்க வேண்டாம். வட்டமாக முடி கொட்டுவது படர்தாமரையாக இருக்கலாம், அது உங்களுக்கும் ஒட்டும். வரும்போது சின்னவனைக் கூடையில் வைத்து மூடிக் கொண்டுவாருங்கள். மழைக்கு ஒதுங்கி வந்தவன் என்கிறீர்கள், தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கடிதத்தில் எழுதவில்லையே, அதையும் அன்றே பார்த்துவிடலாம்.